தூக்கத்தில் கொட்டிய உம்

"சிலிண்டர் வந்தது. மதியம் பிள்ளைகளைக் காணோம். கிடைத்தார்கள்."

தினக்காலண்டர் தாளின் பின்புறம் அம்மா எழுதிவைத்த குறிப்பு இது. மூலை கிழிந்து தேதி போய்விட்டது. மே மாதம், சனிக்கிழமை என்பதுவரை தெரிகிறது. நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை என்பது என் கணக்கு.

மந்தைவெளியில் குடியிருந்தோம். அப்பா சரக்கு ரயில் ஓட்டினார். அந்த வாரம் முழுக்க இரவு டூட்டி. காலையில் வந்து படுப்பார், மாலையில் மறுபடி கிளம்புவார். அம்மாவுக்கு தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை.

அப்பா கதை சொன்னால் நாங்கள் உம் கொட்ட வேண்டும். நிறுத்தினால் கதையும் நின்றுவிடும். எஞ்சினிலும் இதே சட்டம்தான் என்பார். ஓட்டுபவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாமலிருந்தால் விளக்கு எரியும், பிறகு பஸ்ஸர் அலறும். விழித்திருக்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும்.

அன்று மதியம் அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். என் அக்காவுக்குக் கடல் பார்க்க ஆசை. கட்டிலருகே போய்க் கேட்டாள்.

"அப்பா, கடலுக்குப் போவட்டுமா?"

"ம்."

"தங்கச்சியும் வரட்டுமா?"

"ம்."

"கதவ வெளிய தாப்பா போட்டுடவா?"

"ம்."

முறைப்படி அனுமதி பெற்றுக் கிளம்பினோம்.

கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்ற அம்மாள் ஒருவர் எங்களை மடக்கினார். "யார் ஊட்டுப் புள்ளைங்க? இந்த வெயில்ல இன்னா சுத்தல்?" என்று தன் குடைக்குக் கீழே உட்காரவைத்து, அக்காவிடம் போன் நம்பர் வாங்கி அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார். அதற்குள் வீடு திரும்பியிருந்த அம்மா, தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே அப்பாவை மட்டும் கண்டு தெருவையே கூட்டியிருந்தாள்.

அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா ஓங்கிய கை விழுமுன் அக்கா முந்திக்கொண்டாள்: "அப்பாதான் போகச் சொன்னாரு! தூங்கிக்கினே ம் ம்னாரு!"

மீன்கார அம்மாள் சிரித்துவிட்டார். "உடும்மா. எங்க ஊட்டுக்காரன் முழிச்சிக்கினே இப்படித்தான் உம் கொட்டுவான்."

அம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அக்காவின் எதிரே குந்தினார்.

"நா கண்ணத் தொறந்தேனா?"

"இல்லப்பா."

"ஒரு வாட்டியாவது லேட்டா சொன்னேனா?"

"இல்லப்பா. கேக்க கேக்க டக்குடக்குனு சொன்ன."

தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "பசங்கள அடிக்காத. சரின்னு சொன்னது நான்தான்" என்றார் அம்மாவிடம்.

அன்று மாலை அவர் டூட்டிக்குப் போகவில்லை. மறுநாள் மதியம்வரை தூங்கினார். விசில் அடிக்குமென்று அம்மா குக்கர்கூட வைக்கவில்லை. எங்களைப் பிரிய மனமில்லாமல் அப்பா தங்கிவிட்டார் என்று நான் தெருவெல்லாம் பெருமையடித்தேன். எங்கள் கேள்விக்குத் தூக்கத்தில் பதில் சொன்ன வாயைப் போலவே, ஓடும் எஞ்சினில் தன் கையும் பொத்தானை அழுத்தியிருக்குமோ என்று அவர் மிரண்டது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் அலுவலகத்துக்குக் கைப்பேசியில் பேசியபோது நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம். காய்ச்சல் என்று சொன்னதாக எனக்கு நினைவு. "தூக்கத்துலயே கை அமுக்குது சார், வண்டி தராதீங்க" என்று சொன்னதாக அக்கா சாதிக்கிறாள். அவரிடமே கேட்டுவிடலாம், ஆனால் கேட்க எங்கள் இருவருக்கும் இன்றுவரை வாய் வரவில்லை. ஆகவே எது சரியென்று உறுதிப்படவில்லை.