எங்கேயும் போகமாட்டேன்

அலுவலகத்தில் அவரைப் பேச்சுத்துணை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே இருப்பவர் அவசரப் பொத்தானை அழுத்தினால், அந்த அழைப்பு இவர் காதில் வந்து விழும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அழுதவர்கள், வாந்தி எடுத்தவர்கள், கடவுளைத் திட்டியவர்கள், கடவுளை விட்டுவிட்டு இவரைத் திட்டியவர்கள் என ஒன்பது வருடமாக எத்தனையோ பேரைப் பேசிப் பேசியே அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு லிஃப்ட் என்றாலே ஆகாது. பல் டாக்டரின் ஆறாவது மாடிக்குப் படியேறித்தான் போவார், போய்ச் சேரும்போது வாயைத் திறக்க மூச்சிருக்காது. வீட்டிலோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். "ஒருநாள் நானும் போய் லிஃப்ட்ல மாட்டிக்கப் போறேன். அப்பவாவது எங்கிட்ட பேசுவீங்க" என்பாள் மனைவி. அதற்கும் அவர் சிரிப்பதோடு சரி.

அந்த வேலைக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. அழைப்பை எடுத்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை அதில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். லைன் அறுந்தால் நாங்களே திரும்பக் கூப்பிடுவோம், என்ன ஆனாலும் கதவைத் தொடாதீர்கள் என்பதுதான் அது. முதல் வருடமே அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். இருட்டில் நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் லைன் அறுந்தால் என்று ஆரம்பித்தால் பாதி உயிர் அங்கேயே போய்விடுகிறது என்பது அவருடைய வாதம். அதற்குப் பதிலாகத் தானே ஒன்று செய்து வைத்திருந்தார்: "ஆள் வர்ற வரைக்கும் நான் இந்த லைன்லதான் இருப்பேன். எங்கயும் போகமாட்டேன்." இதைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மேற்பார்வையாளர் அம்மா இரண்டு தடவை கண்டித்துப் பார்த்தார். அப்புறம், ஒரு தடவைகூட இவர் லைன் அறுந்ததில்லையே என்று விட்டுவிட்டார்.

அறுந்ததில்லை என்றால் அதற்குக் காரணம் இருந்தது. வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது கம்பெனியே ஆள் அனுப்பி அவர் அறையில் இரண்டு இணைய இணைப்பும், மின்சாரம் போனால் எட்டு மணி நேரம் தாங்கும் ஒரு பேட்டரியும் வைத்தது. அந்த நாற்காலி, அந்த மேஜை, பின்னால் வெள்ளைப் பூப் போட்ட நீலத் திரை. அங்கே உட்கார்ந்துதான் அழைப்பை எடுக்க வேண்டும். வேறெங்கும் எடுக்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

இப்போது அந்த நீலத் திரை, வீட்டிலிருந்து ஆறு மணி நேரப் பயண தூரத்தில், ஒரு மலை ரிசார்ட்டின் தனி வீட்டில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏழு வருடமாக மலைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் இந்தத் தடவை ஒற்றைக் காலில் நின்றாள். மகளுக்குப் பள்ளி விடுமுறை. இவருக்கு மட்டும் விடுப்பு கிடைக்கவில்லை. "நாள் முழுக்க ஹெட்ஃபோனைத்தானே மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? அதை அங்க உட்கார்ந்து மாட்டுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" ரிசார்ட்டின் விளம்பரத்திலும் மேகத்தைப் பார்த்தபடி ஒருவன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தான். வேகமான இணையம் உண்டா என்று இவர் போன் செய்து கேட்டார். உண்டு என்றார்கள். மழையிலுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. திரையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தவர் அவரேதான். அதில் ஒரு பள்ளிக்கூடத்துக் குறும்பின் சந்தோஷம்கூட அவருக்கு இருந்தது.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை, வழக்கமான கேமரா சரிபார்ப்பில் மேற்பார்வையாளர் அம்மா கண்ணைச் சுருக்கினார்.

"என்ன, பின்னால திரை இப்படி ஆடுது?"

"ஃபேன் மேடம்."

"குறைச்சு வைங்க. சளி பிடிச்சா உங்க குரல் போயிடும், அப்புறம் நான் எங்க போவேன்?"

அந்த அக்கறைதான் அவரைக் கொன்றது. ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் கழுத்து வியர்த்திருந்தது.

மதியம் மனைவியும் மகளும் மலைமுனை பார்க்கக் கிளம்பினார்கள். மூடுபனி மேலே ஏறி வந்து எதிரே இருந்த மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மழை பிடித்தது. இரண்டே முக்காலுக்கு அழைப்பு வந்தது.

பெண் குரல். தையல்காரி. ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்க வந்தவள், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நின்றுவிட்டாள். விளக்கும் அணைந்துவிட்டது.

"ஆள் வர்ற வரைக்கும் நான் இந்த லைன்லதான் இருப்பேன்மா. எங்கயும் போகமாட்டேன்" என்றார்.

பெருமூச்சு வந்தது. மெக்கானிக் நகரத்தின் மறுகோடியில் இருந்தார், வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். அதை அவளிடம் சொல்லவில்லை.

"எங்கிட்ட பெரிய கத்திரிக்கோல் இருக்கு சார். கதவு நடுவுல விட்டு நெம்பினா தெறந்துடும்போல இருக்கு. கீழ் மாடிக்குக் குதிச்சுடலாம்."

பாதியில் நிற்கும் லிஃப்ட்டுக்கும் கீழ் மாடித் தரைக்கும் நடுவே ஓர் ஆள் விழுகிற அளவுக்குத் திறப்பு இருக்கும். குதிக்கும்போது கால் உள்பக்கம் சறுக்கினால் நேரே லிஃப்ட் குழிதான். பயிற்சியில் அந்தப் படத்தைக் காட்டிய அன்று அவர் சாப்பிடவில்லை.

குரலில் எதையும் காட்டாமல் கேட்டார். "கத்திரிக்கோலைப் பையில போட்டு ஜிப்பை மூடிடுங்க. எனக்கு ஒரு உதவி வேணும். என் பொண்ணு ஸ்கூல் பாவாடை ஓரம் பிரிஞ்சு தொங்குது. எப்படித் தைக்கிறது?"

"உங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

"அவங்ககிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கேன். மானம் போயிடும்."

அவள் சிரித்துவிட்டாள். ஜிப் மூடும் சத்தம் கேட்டது. பழைய நூலை முதலில் பிரிக்க வேண்டும், இஸ்திரி போட்டு மடிப்பைப் படிய வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இவர் மக்கு மாணவனைப் போல் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஓடியது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த இணையக் குறி சிவந்தது. அவள் குரல் ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தை வந்தது. பிறகு சரியானது. மறுபடி சிவந்தது.

கைமாற்று என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அழைப்பு மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போய்விடும். கூடவே காரணத்தையும் எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது? மின்சாரம் இல்லை என்று எழுதலாமென்றால், அந்த அம்மா குடியிருப்பது இவருக்கு அடுத்த தெருவில். இரண்டு இணைப்பும் போய்விட்டது என்றால் அரைமணியில் ஆள் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவான். பூட்டியிருக்கும். ஒன்பது வருட நல்ல பெயர் அந்தப் பூட்டில் தொங்கும். இன்னும் இருபத்தைந்து நிமிடம்தானே, தாங்கும் என்று நினைத்தார். விரல் பொத்தான்மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. பின்னாளில் அவர் மறைக்காமல் சொன்னது இதைத்தான். அந்த நேரத்தில் அவர் தையல்காரியைப் பற்றி யோசிக்கவில்லை.

"சரிம்மா, மடிச்சாச்சு. அடுத்து?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இவர் அறையில் விளக்கு அணைந்தது. ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லை.

கைபேசியைப் பார்த்தார். சிக்னல் இல்லை. அந்த மலையில் கீழ் வளைவுக்குப் போனால்தான் சிக்னல் என்பது வந்த அன்றே தெரியும். ஜெனரேட்டர் இருமி இருமி அடங்கும் சத்தம் கேட்டது. கம்பெனி கம்ப்யூட்டர் வேறு ஐந்து நிமிடம் இவருக்காகவே காத்திருக்கும், அதற்கப்புறம்தான் அழைப்பை இன்னொருவருக்குத் தள்ளும். அதுவரை அவளிடம் யாரும் பேசமாட்டார்கள். லைன் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லவும் இல்லை.

செருப்பைத் தேடவில்லை. மழையில் கல்படிகளில் ஓடினார். ஒருமுறை விழுந்து முழங்கை உரிந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு விருந்தாளியிடம் வெந்நீர் ஏன் வரவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் வயர் வைத்த பழைய போன் இருந்தது. அனுமதி கேட்காமல் எடுத்து, மேற்பார்வையாளர் அம்மாவின் எண்ணை அழுத்தினார்.

"மேடம், நான் வீட்ல இல்ல. மலைல ஒரு ரிசார்ட்ல இருக்கேன். லைன் போயிடுச்சு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு அம்மா, கையில கத்திரிக்கோல் இருக்கு. கதவைத் தொடக் கூடாதுன்னு நான் முதல்லயே சொல்லல."

"வைக்காதீங்க. இதுலயே இணைக்கிறேன். அவங்களுக்குத் தெரிஞ்ச குரல் உங்களுதுதான். நானும் கேட்டுட்டிருப்பேன்."

இணைந்தது. முதலில் கேட்டது இரும்பு இரும்போடு உரசும் சத்தம். அப்புறம் மூச்சு வாங்குவது.

"அம்மா."

சத்தம் நின்றது. "யாரு?"

"முன்ன பேசினவன்தான்."

"போகமாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். போயிட்டேன். தப்பு என்மேலதான். இப்ப எப்படி இருக்கீங்க?"

"கதவு தெறந்துடுச்சு. உட்கார்ந்து ஒரு காலைக் கீழ விட்டிருக்கேன். தரை தெரியுது. குதிச்சுடறேன் சார், என்னால முடியல."

ரிசப்ஷன் பெண்ணும் விருந்தாளியும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவரிடம் நூறு சாமர்த்தியங்கள் இருந்தன. பாவாடை ஓரம் மாதிரி எத்தனையோ. ஒன்றுகூட வாயில் வரவில்லை. "உங்க காலுக்கும் அந்தத் தரைக்கும் நடுவுல உள்பக்கமா ஒரு குழி இருக்கும்மா. இருட்டுல தெரியாது. மூணு மாடி ஆழம். கொஞ்சம் வழுக்கினாலும் அதுக்குள்ளதான். சத்தியமா சொல்றேன்."

"முன்னயே ஏன் சொல்லல?"

"பயப்படுவீங்கன்னு சொல்லல. அது என் புத்திசாலித்தனம். காலை மேல எடுங்க. மெதுவா. இந்த லைன் திரும்பவும் போகலாம். போனா மேடம் ஒருத்தர் உங்களைக் கூப்பிடுவாங்க. யாரும் கூப்பிடலன்னாலும் சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருங்க. மெக்கானிக் வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

துணி உரசியது. "எடுத்துட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பாவாடையைப் பற்றிப் பேசவில்லை. இவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வந்தது. பதினேழாவது நிமிடம் மெக்கானிக்கின் குரலும், கதவு ஒழுங்காகத் திறக்கும் சத்தமும் கேட்டன. வெளியே வருகிறவர்கள் இவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள், சிலர் அழுவார்கள். இவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனில் மேற்பார்வையாளர் அம்மா மட்டும் மிச்சம் இருந்தார்.

"கரண்ட் வந்ததும் உங்க மெயிலைப் பாருங்க. ரெக்கார்டிங் அனுப்பியிருக்கேன். நீங்க இல்லாத நேரமும் பதிவாகியிருக்கு, நாலு நிமிஷம். அதைக் கேட்டுட்டு நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க. இந்த நாற்காலில உங்களை வச்சுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. நான் சொல்றதா இல்ல."

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. மழை விட்டு, மலை கழுவிவிட்டதுபோல் நின்றது. ஜன்னல் வழியே அதைப் பார்க்காமல் அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். சொட்டச் சொட்ட உள்ளே வந்த மனைவி, அவர் முழங்கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு மகளைக் குளிக்க அனுப்பினாள்.

"என்னங்க ஆச்சு?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் காதில் வைத்து, அந்த நாலு நிமிடப் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார்.

தையல்காரியின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. மடிச்சதும் நேரா தைச்சுடாதீங்க சார், முதல்ல லேசா நூலோட்டி வச்சுக்கணும், அப்பதான் கோணாது. கேக்குதா சார்? கொஞ்சம் இடைவெளி. அடுத்த வரி இன்னும் சத்தமாக வந்தது. நூலு பாவாடை நிறத்துலயே இருக்கணும். சார், இருக்கீங்கதானே? எழுதிக்கிறீங்களா? நான் மெதுவாவே சொல்றேன். மறுபடி இடைவெளி. சார். எங்கயும் போகமாட்டேன்னு சொன்னீங்க, அதனாலதான் நான் பேசிட்டே இருக்கேன்.

மனைவியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அங்கே உட்கார்ந்து மாட்டுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொன்னவள் அவள்தான். ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"போதுங்க."

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றார் அவர். அவள் அவருக்கு அருகில் உட்கார்ந்து அதை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.