பொருந்தாதவற்றின் பட்டியல்

ஓய்வு பெற்ற பிறகும் அவளை எல்லோரும் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உணவு ஆய்வு அலுவலகத்தில் ஒவ்வொரு உணவுக்கும் ஓர் எண் உண்டு. புத்தகத்தைப் புரட்டாமல் ஆயிரத்துச் சொச்சம் எண்களையும் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

நேற்று யார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரே படிவத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். கணினி இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடங்களை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும். முதுகோடு முதுகாக உட்கார்ந்து பதினோரு வருடம் அவளோடு அந்த வேலையைச் செய்தவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் வாயாடி. பட்டியல் வரும் நாளில் இருவருக்கும் கொண்டாட்டம்.

"அக்கா, பச்சைக் குழந்தைக்குக் காப்பி குடுத்திருக்கீங்க!"

"நீ மட்டும் என்ன, ஒருத்தனுக்கு நாப்பது ரொட்டி ஊட்டியிருக்கே. உயிரோட இருக்கானா பாரு."

படிவத்தை எடுத்துப் பார்த்து, தவறியவள் மற்றவளுக்குத் தேநீர் ஊற்றித் தர வேண்டும்.

பிறகு நம்பர் அக்காவின் கண் மங்கியது. இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. பட்டியல் நீண்டது; தேநீர் ஊற்றி ஊற்றிக் கை சலித்தது. மாதம் நூறு பிழையைத் தாண்டினால் அந்த நாற்காலி இன்னொருத்திக்கு. ஒரு மாதம் தொண்ணூற்றாறில் வந்து நின்றது.

அடுத்த மாதம் வெறும் ஒன்பது. அதற்கடுத்த மாதம் ஆறு. கண் தானாகவா தெளியும்? மனசு உறுத்தியது. பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி, அந்த மாதப் படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒன்றரை வயதுக் குழந்தை, மசித்த உருளைக்கிழங்கு மூன்று கரண்டி. அவள் எட்டு என்று ஏற்றியிருந்தாள். வாயாடியின் பதிவிலும் எட்டு.

அடுத்தவர் பதிவைப் பார்க்கலாம், திருத்த முடியாது. அதனால் வாயாடி தன் சரியான எண்ணை அழித்துவிட்டு, அக்காவின் தப்பையே போட்டுவைத்திருந்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?"

"நீங்க போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுறது?"

"அது மூணு கரண்டிதான்டி சாப்பிட்டிருக்கு. வயிறு நெறஞ்சிடுச்சுன்னு நாம ரெண்டு பேருமா சேர்ந்து எழுதிட்டோமே."



நடந்ததைச் சொல்ல நம்பர் அக்கா மேலாளர் அறைக்குப் போனபோது வாயாடியும் பின்னாலேயே வந்து நின்றாள். அக்காவின் நாற்காலி போயிற்று. அந்த இரண்டு மாதப் படிவங்களையும் இருவரும் சேர்ந்து மறுபடி ஏற்ற வேண்டும் என்று உத்தரவு.

அதன்பின் நம்பர் அக்கா தொலைபேசிப் பிரிவில் எட்டு வருடம் இருந்தாள். ஆனாலும் அலுவலகம் என்றால் அவள் மனதில் வருவது படிவங்களை மறுபடி ஏற்றிய அந்த மூன்று வாரம்தான். ஒரே கணினிக்கு முன்னால் இரண்டு நாற்காலி. வாயாடி படிப்பாள், அவள் எண்ணைச் சொல்வாள், வாயாடியின் விரல் தட்டும். அந்தக் குழந்தையின் படிவமும் வந்தது.

"மூணு கரண்டி, அக்கா."

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"சரி, அடுத்ததை எடு."