ரத்னம்மாவின் வீட்டுச் சாவி

திருப்பதி பக்கம் ஏர்பேட்டுக்குப் பின்னால், கரட்டு மேட்டில் இருக்கிறது எங்கள் காலனி. எல்லோரும் நகரத்தில் போய் நெருக்கியடிக்க வேண்டாம், ஊர்ப்பக்கமே வீடுகளைச் சேர்த்துக் கட்டினால் பள்ளி, தண்ணீர், பஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம் என்றார்கள் அதிகாரிகள். நல்ல யோசனைதான். நானும் கைதட்டினேன். வீடு வந்தது. மற்றது எதுவும் வரவில்லை.

முதலில் குடிவந்தவர் ரத்னம்மா. அவர் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு சுவர்கூட இருந்ததில்லை. புருஷன் இறந்த பிறகு, திருச்சானூர் லாட்ஜ் ஒன்றில் அறை கழுவித் தனியாகப் பிழைத்தவர். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிய அன்று, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பழைய ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

பஸ்ஸும் ஒருநாள் வந்தது. வாழைக்கன்று கட்டி, ரிப்பன் வெட்டி, படம் பிடித்தார்கள். எல்லோரும் இறங்கிய பிறகும் ரத்னம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் குந்திக்கினு இருக்கியே, எறங்குக்கா" என்றார் டிரைவர் எத்திராஜ்.

"திருச்சானூருக்கு ஒரு டிக்கெட்டு குடு."

"இது படம் புடிக்க வந்த பஸ்ஸு. நாளிக்கிதான் ரூட்டு."

"நாளிக்கி வருவியா? அந்த ஏழுமலையான் மேல சத்தியம் பண்ணு."

எத்திராஜ் மலையைப் பார்த்தார். சத்தியம் பண்ணவில்லை.

மறுநாள் பஸ் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. டிப்போவில் போய்க் கேட்டோம். "அங்க ஆளே இல்ல, யாருக்கு பஸ் விடுறது?" என்றார்கள். ஆள் ஏன் வரவில்லை? பஸ் இல்லாததால்தானே! இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

லாட்ஜில் காலை ஆறு மணிக்கு வேலை. மெயின் ரோடு வரை இருட்டில் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் ஏழாகிவிடும். மேனேஜர், ஆறுக்கு வா, இல்லாவிட்டால் வராதே என்றுவிட்டார். ரத்னம்மா வீட்டைப் பூட்டிவிட்டு, லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே இன்னும் மூன்று பெண்களோடு படுக்கத் தொடங்கினார். எந்த நெருக்கடி வேண்டாம் என்று காலனி கட்டினார்களோ, அதே நெருக்கடிக்குள்தான் அவரைத் தள்ளினார்கள்.

போன வாரம் லீவு நாளில் அவர் வீடு கூட்ட வந்தார். கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் யஸ்வந்த் கதவில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஆள் இல்லாத வூடும்மா. திரும்ப எடுத்துக்கப் போறாங்க."

"நைனா, இன்னிக்கி நைட்டு நீ இங்கயே படு. காலையில ஆறு மணிக்கு திருச்சானூருல நில்லு. நின்னுட்டியானா வூட்ட நானே குடுத்துடறேன்."

"அதுக்கென்ன, பைக்குல அரை மணி நேரம்."

"பைக்கு சாவிய எங்கிட்ட குடுத்துட்டு சொல்லு."

அவன் சிரித்தான். ரத்னம்மா சிரிக்கவில்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. குடியிருக்கும் நாலு வீட்டுக்காரர்களும் பைக்கைச் சுற்றி நின்றோம். "மேல கேட்டு சொல்றேம்மா" என்று முனகிக்கொண்டே அவன் வண்டியைக் கிளப்பினான். சாவியை மட்டும் தரவில்லை.

ரத்னம்மா தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வாசலைக் கூட்டினார். மறுநாள் ஆறு மணி வேலைக்காக, பொழுது சாய்வதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். அவரும் சாவியைத் தரவில்லை. அது இடுப்பில்தான் இருந்தது.