நூற்றாண்டு மலருக்கு முகம் காட்டியவர்கள்

லிங்கராஜபுரத்தில் பாஸ்போர்ட் படம் எடுத்தே முப்பது வருடம் ஓட்டிவிட்ட கிளெமென்ட்டுக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலரில், கடைசிப் பக்கத்தில், ‘படங்கள்: கிளெமென்ட்’ என்று வர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கோயிலுக்குக் கமிட்டி என்று ஒன்று இருக்கும்வரை எந்தச் சின்ன ஆசையும் சின்னதாக இருந்துவிட முடியாது.

ஐந்து வருடம் முன்பு, பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு ஆல்பம் போட்டுக் கொடுத்ததில் அவர் பட்டது போதும். படத்தில் கண் மூடியிருந்தவர்கள் மூன்று பேர். “இது எங்க மூஞ்சே இல்ல” என்று வந்தவர்கள் முப்பது பேர். அதில் ஒரு குடும்பம் பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் இன்றைக்கும் இவர் பக்கம் திரும்பாமல் தூணுக்குச் சமாதானம் சொல்கிறது.

அதனால் இந்தத் தடவை உஷாராகிவிட்டார். ஐந்து மீட்டர் நீளத்தில் ஆரஞ்சு நிறக் கேபிள் ஒன்று வாங்கி கேமராவை லேப்டாப்போடு இணைத்தார். லேப்டாப்பை, பங்கு மண்டபத்தில் சுவரளவு மாட்டியிருந்த டிவியோடு இணைத்தார். இங்கே கிளிக் என்றால் அடுத்த நொடி அங்கே படம். குடும்பமே பார்த்து, சரி என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். லேப்டாப்புக்கும் நோட்டுக்கும் காவல், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் அவர் மனைவி நோரா.

“அவங்க மூஞ்சி, அவங்க கண்ணு, அவங்க கையெழுத்து. அப்புறம் எவன் வந்து எங்கிட்ட பேசுவான்?” என்றார் கிளெமென்ட்.

“பாக்கலாம்” என்றாள் நோரா.

மலருக்குப் படம் எடுக்க வேண்டியது பங்கின் நூற்றெண்பது குடும்பங்கள், கையில் இருந்தது இரண்டு ஞாயிறு. முதல் ஞாயிறு எட்டரைப் பூசை முடிந்து ஆரம்பித்தார். பதினொன்றரைக்கு நோட்டில் ஏழு கையெழுத்து இருந்தது.

டிவியை வரிசையில் நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி வைத்ததுதான் அவர் செய்த தப்பு. படத்தைப் பார்த்துக் குடும்பம் திருப்திப்பட்டாலும் வரிசை திருப்திப்படவில்லை. “அண்ணே, தொப்பைய கொஞ்சம் உள்ள இழுங்க” என்று ஒரு குரல். “அக்காவுக்கு ஒரு கண்ணு சின்னதா வருதே” என்று இன்னொரு குரல். அதுவரை தன் கண் சின்னது என்று அறியாமல் ஐம்பது வயது வரை நிம்மதியாக வாழ்ந்த அக்கா, அதன்பிறகு ஒன்பது படம் எடுத்தும் சமாதானம் ஆகவில்லை.

பங்குப் பேரவைச் செயலாளர் ஜெயராஜ் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“கிளெமென்ட், இந்த ஸ்பீடுல போனா இருநூறாம் ஆண்டு மலருக்குத்தான் படம் ரெடியாவும். ஒரு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஸ்டுடியோக்காரனுக்கு போன் போட்டுடுவேன். பேஜார் பண்ணிக்காத.”

 கடைசிப் பக்கத்தில் வேறு யாரோ பெயர் அச்சாகி வருவது கிளெமென்ட்டின் கண்ணுக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தவர்கள் காக்ஸ் டவுன் பவுலின் ஆன்ட்டியும் அவர் கணவர் ஹெர்பர்ட்டும். பவுலின் ஆன்ட்டி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எதையும் முதல் தடவையில் பாஸ் போட்டுப் பழக்கம் இல்லாதவர். முதல் படத்தில் தாடை இரண்டாக இருந்தது. இரண்டாவதில் புடவை மடிப்பு. மூன்றாவதில் கணவர். பன்னிரண்டு படம் போயிற்று.

“கிளெமென்ட், இதுல நான் அழுது முடிச்ச மாதிரி இருக்கேன். இன்னொண்ணு எடுப்பா.”

ஹெர்பர்ட் கால் மரத்துப்போய் நீட்டினார். நீட்டிய கால் கேபிளில் மாட்டியது. கிளெமென்ட் கவனிக்காமல் கிளிக் செய்தார். விளக்கு பளிச்சென்று மின்னியது. பவுலின் ஆன்ட்டி டிவியை நிமிர்ந்து பார்த்தார், முகம் மலர்ந்தது.

“ஆ! இதான் நானு!”

வரிசையும் ஆமாம் என்றது. கிளெமென்ட் பார்த்தார். படத்தின் அடியில் இருந்த எண் மாறவில்லை. சற்றுமுன் அழுது முடித்த அதே பவுலின் ஆன்ட்டி. கேமரா பக்கமிருந்த முனை பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது. புதுப்படம் லேப்டாப்புக்குப் போகவே இல்லை.

அவர் நோராவைப் பார்த்தார். நோரா நோட்டை நீட்டினாள். பவுலின் ஆன்ட்டி அழகான கையெழுத்தில் ஒப்பம் போட்டார்.

அதன்பிறகு கிளெமென்ட்டுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. நான்கு படம் ஒழுங்காக எடுப்பார். அதில் நல்லதை டிவியில் நிறுத்திவிட்டு, கேமராவைச் சரிசெய்கிற சாக்கில் கேபிளை மெல்ல உருவிவிடுவார். “தாடைய ஒரு நூல் கீழ... அவ்ளோதான்... மூச்ச புடிங்க...” கிளிக், கிளிக். ஜனங்கள் அதே படத்தைப் பார்த்து, “இப்ப கரெக்டா வந்திருக்கு” என்றார்கள். ஜனங்களுக்கு வேண்டியது படம் இல்லை, பாடு. தங்கள் முகத்துக்காக ஒருவன் வியர்த்து வழிந்தால் அந்த முகம் தானாக அழகாகிவிடுகிறது. மணி ஒன்றுக்கு வந்த ஜெயராஜ், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டார். அவருடைய குடும்பப் படமும் அப்படித்தான் முடிந்தது.

“பாவம் இல்லையா?” என்று வீட்டில் கேட்டாள் நோரா.

“ஏமாந்தவங்க எல்லாம் சந்தோஷமா போனாங்க. இதுல பாவம் எங்க வருது?”

இரண்டாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு நூற்று எழுபத்தொன்பது முடிந்தது. மிச்சம் ஒரு குடும்பம், அவர்களுடையது. மண்டபம் காலி. கிளெமென்ட் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நோரா, கையில் கேமராவின் ரிமோட்டுடன்.

கிளிக். டிவியில் படம் வந்தது.

கிளெமென்ட் திடுக்கிட்டுப் போனார். முப்பது வருடமாக ஊரார் முகத்தை எடுத்தவர் தன் முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. “என்னா இது, யாரோ கிழவன் என் கோட்ட போட்டுட்டு உக்காந்திருக்கான்? இன்னொண்ணு எடு.”

நோரா எழுந்து, “இருங்க, ஃபோகஸ் பாத்துட்டு வரேன்” என்று கேமரா வரை போய் வந்தாள். கிளிக்.

இப்போது அவருக்கு வழுக்கை உறுத்தியது. அடுத்ததில் கழுத்து. அதற்கடுத்ததில் வாய் கோணல். ஒவ்வொரு தடவையும் முதுகை நிமிர்த்தினார், வயிற்றை எக்கினார், தாடையை ஒரு நூல் இறக்கினார். வேர்த்து வழிந்தது. நோரா ஒரு தடவைகூட டிவி பக்கம் திரும்பாமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். பதினோராவது கிளிக்கில் கிளெமென்ட் நிமிர்ந்து பார்த்தார்.

“ஹா! இதான் நானு! பாத்தியா, பொறுமையா எடுத்தா வருது.”

எழுந்துபோய்க் கேபிளைச் சுருட்டக் குனிந்தார். முனை கேமராவில் இல்லை; கீழே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எத்தனாவது படத்துல புடுங்கின?”

“மொதப் படத்துலயே.”

“அப்ப வழுக்கை, கழுத்து, வாயி...?”

“எல்லாம் அதே படம்தாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நான் பாக்கற மூஞ்சி. எனக்கு அது நல்லாத்தான் இருக்கு.”

கிளெமென்ட்டுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. வெட்கத்தின் அடியில் ஏதோ சந்தோஷமும் இருந்தது. நோரா நோட்டைப் பிரித்து நூற்றெண்பதாவது வரியைக் காட்டினாள்.

“கையெழுத்து போடுங்க. இல்லன்னா மலர் வந்ததும், இது என் மூஞ்சே இல்லன்னு எங்கிட்ட வந்து நிப்பீங்க.”

டிவியை நிமிர்ந்து பார்க்காமல் கிளெமென்ட் கையெழுத்துப் போட்டார்.