வாசலை அடைத்த பட்டாள லாரி

இந்த லாரியைப் பட்டாளத்துக்கென்று தேர்ந்தெடுத்த மகராசா, நீர் யாரோ எவரோ, என் மகள் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பது நீர்தான்! பட்டாளம் கழித்த லாரியை ஏலத்தில் எடுத்து விற்பதைப் போல ரத்தக் கொதிப்பு தரும் தொழில் வேறில்லை. பழைய வண்டி விற்றுப் பாடுபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏலத்தில் எதிரே நின்றவன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தக் கோபத்தில் தொகையை ஏற்றிக்கொண்டே போனேன். வண்டி என் தலையில் விழுந்தது.

இப்போது பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தெருவில் நிறுத்தினால் விடிவதற்குள் டயரைக் கழற்றிவிடுவார்கள். தை மாதம் அதே வாசலில் கல்யாணப் பந்தல் போட்டாக வேண்டும். வண்டி வந்த அன்றே என் பெண்டாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "வாசல்ல ஒண்ணுக்குத்தாங்க இடம். லாரியா, மாப்பிள்ளையா, நீங்களே சொல்லுங்க."

தாம்பாளத்தில் வைக்க ஒன்றுமில்லை

முதலில் வந்தவர் சாத்தான்குளத்துச் செங்கல் சூளைக்காரர். விலை படிந்துவிட்டது. மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். தாம்பாளத்தை நீட்டி, "சாவியை வையும் வே" என்றார். இந்த லாரிக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைத் திருகினால் ஓடும். குண்டு விழும்போது சிப்பாய் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாதாம். இதைச் சொன்னதும் மனிதர் முகம் சுருங்கிவிட்டது. சாவி வாங்காத வண்டி விளங்காது என்றார்.

வந்த யாவாரத்தை விடுவேனா? உள்ளே ஓடி, கைக்கு அகப்பட்ட ஒரு சாவியில் மஞ்சளைத் தடவிக் கொண்டுவந்து வைத்தேன். பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்தா என் பெண்டாட்டி, பீரோ சாவியைக் காணோம் என்று உள்ளேயிருந்து கத்த வேண்டும்? சூளைக்காரர் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன வே, வண்டியோட பீரோவும் சேத்துத் தாரீரோ?"

ரோடு ஆகாது

ஆழ்வார்குறிச்சி வாழைக்காய் வியாபாரிக்குச் சாவியைப் பற்றிக் கவலையில்லை. கொஞ்சம் குலைகளை ஏற்றி, ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். புதிதாகப் போட்ட ரோட்டில் போனோம். குலைகள் துள்ளின, நாங்களும் துள்ளினோம். அவர் "பைய போம்யா, பைய!" என்று அலற, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்து, அறுத்துப் போட்ட வயலுக்குள் இறக்கிவிட்டேன். வரப்பு, வாய்க்கால், பள்ளம் எல்லாவற்றிலும் தொட்டில் ஆடுவதுபோல் போனது. மேடு பள்ளத்துக்கென்றே செய்த ஸ்பிரிங் அல்லவா! அவர் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு பெருமூச்சு விட்டார். "வண்டி தங்கம் அண்ணாச்சி. எங்க ஊருக்குத்தான் ரோட்டைப் போட்டுத் தொலைச்சுட்டானுவளே!"

அவர்களிடமே விற்கப் பார்த்தேன்

கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம். நிவாரணச் சாமான் ஏற்றிவந்த பட்டாளத்துப் புது லாரி, கரையோர வயலில் அச்சு முங்கச் சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்தும் அசையவில்லை. ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். என் லாரியைக் கொண்டுபோய், நாலு சக்கரமும் இழுக்கும்படி முன்சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்து, சங்கிலி பூட்டி, ஒரே இழுப்பில் கரையேற்றினேன்.

பட்டாள லாரியோடு வந்த இளம் அதிகாரி, மதுரைப் பக்கத்துக்காரர், என் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். "இந்த மாதிரி வண்டிதான் வேணும்னு எழுதி எழுதி ஓஞ்சு போனோம். எங்க வாங்குனீங்க?"

"உங்ககிட்டதான்யா! உதவாதுன்னு ஏலம் போட்டது யாரு?"

"அண்ணாச்சி, கழிக்கிறது ஒரு ஆபீஸ், கேக்குறது ஒரு ஆபீஸ்."

"அப்போ இப்பவே ஓட்டிட்டுப் போம். விலையைக் கொறச்சே தாரேன்."

அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "உங்க உதவிக்கு ரொம்ப நன்றி. ஆனா பழைய வண்டி வாங்க எங்களுக்கு உத்தரவு இல்லையே!"

ஆகவே மகராசா, தை பிறக்குமுன் வந்து உம்முடைய வண்டியை நீரே ஓட்டிக்கொண்டு போம். பட்டாளம் தேடுகிற லாரி என் வாசலில் நிற்கிறது, என் வாசல் தேடுகிற பந்தல் கடையில் கிடக்கிறது.