சகலை சிரித்த வட்டம்

என் சகலைக்கு, அதாவது மனைவியின் அக்கா கணவருக்கு, துவாக்குடியில் சொந்தப் பட்டறை. ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் கண்ணாடி உடைந்தபோது, வட்டமாக மரப்பலகை வெட்டித் தருவதாகச் சொன்னவர் அவர்தான். தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. பலகை வரவில்லை. நானே வெட்டுகிறேன் என்றேன்.

“பேங்க்ல உட்கார்ந்து கையெழுத்துப் போடறவருக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்றார், மாமியார் காதில் விழும்படி.

அந்தக் கேள்விக்காகவே ரௌட்டர் வாங்கினேன். மரத்தைக் குடைந்து வெட்டும் கை மெஷின். கையைப் பிடித்து இழுக்கும். வெறுங்கையால் அதை வட்டமாக ஓட்ட முடியாது. மாமியார் வீட்டு மொட்டைமாடியில் நீளமான பிளைவுட் துண்டு ஒன்றின் முனையில் ஓட்டை போட்டு, மெஷினை அதன்மேல் திருகினேன். மறுமுனையில் ஓர் ஆணி. ஆணியைப் பலகையின் நடுவில் அடித்து, மெஷினை அதைச் சுற்றி நகர்த்த வேண்டும். காம்பஸ் மாதிரிதான்.

முதலில் பழைய பலகை ஒன்றில் வெட்டிப் பார்த்தேன். பாதியிலேயே ஆணி ஆடியது. வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் விரல் அகலம் விலகிப் போயிற்று. அந்த நேரம் பார்த்துச் சகலை மாடியேறி வந்தார். செல்போனில் படம் எடுத்தார். சாயங்காலத்துக்குள் அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. லால்குடிச் சித்தி கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். என் மனைவியும்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு போல்ட் போட்டேன். ஒரே மூச்சில் வெட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறக்கினேன். நல்ல பலகையில் வட்டம் சுத்தமாகச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு சகலை சாப்பிட வந்தார். மேஜைமேல் பொருத்தியிருந்த பலகையின் விளிம்பில் விரலை ஓட்டிக் குறை தேடினார்.

“ஆடுதே.”

“மேஜைக் காலுதாங்க ஆடுது. அது பழசு.”

“இங்க உட்காருங்க மாப்ளே,” என்றார் மாமியார் அவரிடம். சகலை தட்டோடு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

போன வாரம் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “பட்டறைக்கு ஏதோ வட்டமா வெட்டணுமாம். நீங்க மெஷினை மாட்டின அந்தப் பிளைவுட் கட்டையக் கேக்கறாராம், அக்கா சொன்னா.”

“அவரையே செஞ்சுக்கச் சொல்லு.”

“குடுத்தா என்னங்க குறைஞ்சுடும்?”

மாமியார் வீட்டு மாடிக்குப் போய், அந்தத் துண்டை எடுத்து வந்து எங்கள் வீட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.