எழுத்தெழுத்தாகச் சொன்ன பாஸ்வேர்டு

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த மாடி அறையில் எல்லாமே பொது. ஷிஃப்ட் மாறும்போது ஒருவன் எழுந்த சூட்டோடு அடுத்தவன் அதே பாயில் படுப்பான். வைஃபையும் பொதுதான், அண்ணாச்சி பெயரில் வாங்கியிருந்தோம். தென்காசிப் பக்கத்திலிருந்து எங்களை ஒரகடத்துக்குக் கூட்டிவந்து, கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்த்துவிட்டவர் அவர். அவர் எதிரில் நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை.

லேப்டாப் என்னிடம் மட்டும் இருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. ஆளாளுக்குப் பென்டிரைவைச் செருகிப் படம் பார்த்து, அதிலிருந்த விண்டோஸை வைரஸுக்குத் தின்னக் கொடுத்தார்கள். வெறுத்துப்போய் லினக்ஸ் மட்டும் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து குழம்பில் உப்பு கூடினால்கூட லினக்ஸால்தான் என்று சிரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில் ஓசூரில் ஒரு கம்பெனி நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். சனிக்கிழமை மதியம் வீடியோ காலில் நேர்காணல், தேறினால் உடனே வந்து சேர வேண்டும். கழுத்தில் தொங்கிய கான்ட்ராக்ட் அட்டையைக் கழற்றி எறிய எனக்கு வாய்த்த ஒரே வழி அது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அறை முழுக்கச் சொன்னேன். அண்ணாச்சி முதுகில் தட்டிக்கொடுத்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் வைஃபை வேலை செய்யவில்லை. எனக்கு மட்டும்.

மற்றவர்கள் போனில் எல்லாம் ஓடியது. அதனால் குற்றம் என் லேப்டாப் மேல்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்வேன். சேமித்திருந்த இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். செட்டிங்கை எல்லாம் கறுப்புத் திரையில் கையாலேயே எழுதிப் பார்த்தேன். சிக்னல் முழுசாகக் காட்டும், இணையப் போகும், அறுந்துவிடும். பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம் என்று லேப்டாப்பின் பதிவில் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி வந்தது. டிரைவர் கெட்டாலும் அதே வரி வரும் என்று எப்போதோ படித்திருந்ததால் அதை நான் சட்டை செய்யவில்லை.

இருந்தாலும் சந்தேகத்துக்கு அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் குந்தி, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"எல்லாம் சின்ன எழுத்துலே. அவசரப்படாத, பைய அடி."

அடித்தேன். அறுந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். மறுபடி அறுந்தது. பாயில் கிடந்தவர்கள் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னான். ஒருவன் லேப்டாப்பை ஜன்னலுக்கு நகர்த்தி வைத்தான். நான் கேட்காமலேயே எல்லோரும் உதவினார்கள்.

வெள்ளிக்கிழமை லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அப்போதும் அதே வரிதான்.

சனிக்கிழமை கடைசி முயற்சியும் தோற்றது. என்னிடம் இருந்ததோ பட்டன் போன். அறையில் போன் கேட்டேன். ஒருவனுக்குச் சார்ஜ் இல்லை. இன்னொருவனை ஊரிலிருந்து கூப்பிடுவார்களாம். அண்ணாச்சி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டே, கேமரா சரியில்லை என்றார். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்கு ஓடினேன். அங்கே பிரவுசிங் சென்டர்காரர் தன் பாஸ்வேர்டைச் சொன்னார். அடித்த மறுநொடி இணைந்தது. டிரைவர், லினக்ஸ், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எனக்கு ஒதுக்கிய நேரம்தான் போய்விட்டிருந்தது. காரணத்தை எழுதி மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். வாய்ப்பு முடிந்தது என்று பதில் வந்தது.

திரும்பி வந்து படியேறும்போது கீழ்வீட்டு ஓனரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். நெட் எடுக்கவில்லை என்றேன்.

"அதான் பாஸ்வேர்டு மாத்திட்டாங்களேப்பா. எம் பொண்ணு போன்லகூட புதுசு போட்டுக் குடுத்துட்டுப் போனாரு உங்க அண்ணாச்சி. உனுக்கு சொல்லலியா?"

மேலே போய்க் கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவன் எழுந்து குளிக்கப் போனான். அண்ணாச்சி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மாசக் கடைசியில ஒன்னய நிறுத்துதாங்கன்னு சூப்பர்வைசர் போன வாரமே சொல்லிட்டாரு. அதுவரைக்கும் லைன்ல ஆள் வேணும்லா. நீ பாட்டுக்கு ஓசூருக்குப் போயிட்டன்னா, அந்த எடத்துல நாங்கதான் டபுள் ஷிஃப்ட் பாக்கணும்."

அதாவது, எனக்கு வேலை போகப்போகிறது என்பது எனக்கு முன்பே அந்த அறைக்குத் தெரியும். தெரிந்துதான் டீ குடித்தார்கள். தெரிந்துதான் லேப்டாப்பை ஜன்னலுக்கு நகர்த்தினார்கள். டபுள் ஷிஃப்டின் வலி எனக்கும் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாரே, அதற்காக அந்த மனுஷரை இன்றுவரை வெறுக்கிறேன். ஒரு வாரமாக உண்மையைச் சொன்னது அந்த லேப்டாப் ஒன்றுதான். அதை நான் நம்பவில்லை, என் ஊர்க்காரர்களை நம்பினேன்.

வீட்டுக்கு அனுப்பப் பணம் வேண்டும், அதனால் மாசக் கடைசிவரை அதே லைனில் அவர்களோடு நின்றேன். அதன்பிறகு அறையில் யாரும் எதையும் மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. புது பாஸ்வேர்டை நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் கிளம்பிய அன்று என் இடத்துக்குக் கடையநல்லூரிலிருந்து ஒருவன் வந்திறங்கினான். நான் பையைக் கட்டி முடிப்பதற்குள் என் பாயில் உட்கார்ந்து, போனை நீட்டி வைஃபை கேட்டான். அண்ணாச்சி அவன் பக்கத்தில் குந்தினார்.

"எல்லாம் சின்ன எழுத்துலே. பைய அடி" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். அதே குரல், அதே பொறுமை.

அவனுக்கு உடனே இணைந்தது.